ஒரு வீடு எரிந்தால் தாங்கும், ஊரே மூழ்கினால்? காப்பீட்டுப் படிப்புக்கு ஓர் அறிமுகம்

மெட்ரிக் என்ற பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கப்போகும் பிள்ளை "காப்பீடும் இடர் மேலாண்மையும் படிக்கப் போகிறேன்" என்று சொன்னால், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தில், சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் பல வீடுகளில் முதலில் வரும் கேள்வி "பாலிசி விற்கவா?" என்பதுதான். அடுத்த கேள்வி, "அதற்கெல்லாம் கணக்கில் பெரிய மூளை வேண்டாமா?" விற்பனை இந்தத் துறையில் ஒரு மூலைதான். கணக்கு வேண்டும், ஆனால் கணக்கு மட்டும் போதாது. சட்டம், பொருளாதாரம், மண், மழை, மனித மனம் எல்லாம் இதற்குள் வருகின்றன.

நாளை வரக்கூடிய இழப்பை இன்றே அளக்க முடியுமா, முடிந்தால் அதை யார் யார் எவ்வளவு சுமப்பது, முடியாவிட்டால் என்ன செய்வது: மூன்று நான்கு ஆண்டும் திரும்பத் திரும்பப் படிப்பது இதைத்தான். டர்பன்காரர்களுக்கு இதை விளக்க வெளியூர் உதாரணம் தேவையில்லை. 2020இல் கொரோனா ஊரடங்கு, 2021 ஜூலையில் கலவரம், 2022 ஏப்ரலில் வெள்ளம் என்று மூன்றே ஆண்டுகளில் மூன்று பேரிழப்புகளை இந்த ஊர் பார்த்துவிட்டது. காப்பீடு எதுவரை தாங்கும், எங்கே கைவிரிக்கும் என்பது அப்போது எல்லோருக்கும் தெரிந்தது. ஏன் அப்படி என்று தெரிந்துகொள்வதுதான் படிப்பு.

பத்தாயிரம் வீடுகளின் கணக்கு

ஓராண்டில் ஒரு வீடு தீப்பிடிக்கும் வாய்ப்பு 500இல் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். பிடித்தால் சராசரியாக 5 லட்சம் ராண்ட் சேதம். இவை கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண்கள்.

நூறு வீட்டுக்காரர்கள் சேர்ந்து பொது நிதி ஒன்று வைக்கிறார்கள். பெரும்பாலான ஆண்டுகளில் ஒரு வீடுகூட எரியாது. ஒன்று எரிந்துவிட்டால் தலைக்கு 5,000 ராண்ட் போட வேண்டும். இரண்டு எரிந்தால் 10,000. ஆக, ஆண்டுத் தொடக்கத்தில் ஆளுக்கு எவ்வளவு வசூலிப்பது? யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

அதே நிதியில் பத்தாயிரம் வீடுகள் இருந்தால் கதை மாறிவிடுகிறது. ஆண்டுக்கு ஏறக்குறைய 20 வீடுகள் எரியும். மொத்தச் சேதம் 1 கோடி ராண்ட், தலைக்கு 1,000. சரியாக 20தான் எரியும் என்பதில்லை. ஆனால் நூற்றுக்கு 95 ஆண்டுகளில் அந்த எண் 11க்கும் 29க்கும் நடுவில்தான் நிற்கும் என்று புள்ளியியல் சொல்கிறது. மோசமான ஆண்டாகி 29 வீடுகள் எரிந்தாலும் தலைக்கு 1,450 ராண்டில் முடிந்துவிடும். இந்த வீட்டுக்கு என்ன ஆகும் என்று ஒருவருக்கும் தெரியாது, ஆனால் பத்தாயிரம் வீட்டுக்கும் சேர்த்து என்ன ஆகும் என்பது ஓரளவு தெரியும். இதைப் பெரும் எண்களின் விதி என்கிறார்கள். யாக்கோப் பெர்னூலி இதற்குத் தந்த நிரூபணம் 1713இல் அச்சானது. அதற்கு முன்பே, வால்நட்சத்திரத்துக்குப் பெயர் தந்த எட்மண்ட் ஹாலி, பிரெஸ்லாவ் நகரத்துப் பிறப்பு இறப்புக் கணக்கை வைத்து, எந்த வயதில் எத்தனை பேர் உயிரோடிருப்பார்கள் என்று 1693இல் அட்டவணை போட்டார். ஆயுள் காப்பீட்டின் பிரீமியம் இன்றும் அந்த வழியில்தான் கணக்கிடப்படுகிறது.

இந்த நாட்டில் இது பழைய விஷயம். ஓல்டு மியூச்சுவல் 1845இல் கேப் டவுனில் தொடங்கியபோது 166 பேர் ஒருவருக்கொருவர் பொறுப்பேற்ற சங்கமாகத்தான் இருந்தது. சாவுச் செலவுக்காக மாதாமாதம் பணம் போட்டு வைக்கும் உள்ளூர்ச் சங்கங்களும் அதே எண்ணத்தில் நடப்பவைதான். ஆள் எண்ணிக்கை குறைவு என்பதால், ஒரே குளிர்காலத்தில் நான்கு சாவு விழுந்தால் பெட்டி காலியாகிவிடும். சிறிய சங்கங்களின் பலவீனம் அவர்களுடைய நாணயத்தில் இல்லை, எண்ணிக்கையில் இருக்கிறது.

இந்தக் கணக்கு முழுவதற்கும் அடியில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. வீடுகள் தனித்தனியாக எரிய வேண்டும். என் வீட்டுத் தீக்கும் உங்கள் வீட்டுத் தீக்கும் தொடர்பு இருக்கக் கூடாது. இந்த நிபந்தனை உடையும் இடத்தில்தான் படிப்பு உண்மையில் தொடங்குகிறது என்பது என் எண்ணம்.

சேர்ந்து வரும் இழப்பு

அந்தப் பத்தாயிரம் வீடுகளும் டர்பனின் உம்கேனி ஆற்றின் கரையில் இருக்கின்றன என்று வையுங்கள். இப்போது ஆபத்து தீ அல்ல, வெள்ளம். பத்தாயிரத்தை ஒரு லட்சமாகக் கூட்டினாலும் பயனில்லை. ஒரே மழை எல்லாரையும் ஒரே இரவில் நனைத்துவிடும். வெள்ளமில்லாத ஆண்டுகளில் ஒரு கிளெய்மும் வராது, வந்த ஆண்டில் எல்லாக் கிளெய்மும் வந்து நிற்கும். எண்ணிக்கை தந்த பாதுகாப்பு இங்கே கரைந்துபோகிறது.

2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் நடந்தது இதுதான். டர்பனைச் சுற்றிச் சில இடங்களில் 24 மணி நேரத்தில் 300 மில்லிமீட்டருக்கு மேல் மழை. டர்பன் இருக்கும் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் 440 பேருக்கு மேல் இறந்தார்கள். இசிப்பிங்கோவை ஒட்டிய பிராஸ்பெக்டனில் டொயோட்டா தொழிற்சாலை மூழ்கிப் பல மாதம் உற்பத்தி நின்றது. துறைமுகத்துக் கொள்கலன்கள் நெடுஞ்சாலையில் மிதந்து வந்தன. வீடு, கார், கடை, தொழிற்சாலை, சரக்கு என்று தனித்தனிப் பிரிவுகளில் விற்ற பாலிசிகள் எல்லாம் ஒரே மழையில் ஒன்றுகூடிவிட்டன. வகுப்பில் இதைக் குவிவு என்று சொல்வார்கள். ஒரே நிகழ்வில் எவ்வளவு இழப்பு ஒரே நிறுவனத்தின் தலையில் விழக்கூடும் என்பதை முன்கூட்டியே வரைபடத்தில் பார்த்து வைப்பது இடர் மேலாண்மையின் முக்கியமான வேலை.

அந்த மழையை ஆராய்ந்த வேர்ல்ட் வெதர் அட்ரிபியூஷன் என்ற ஆய்வுக் குழுவின் விஞ்ஞானிகள், முன்பு ஏறக்குறைய 40 ஆண்டுக்கு ஒருமுறை எதிர்பார்க்கக்கூடியதாக இருந்த அத்தகைய மழை, புவி வெப்பத்தால் இப்போது 20 ஆண்டுக்கு ஒருமுறை என்றாகிவிட்டது என்றார்கள். இதை வீட்டு பாண்டோடு, அதாவது வீட்டுக் கடனோடு, சேர்த்துப் பாருங்கள். இங்கே பாண்டு வழக்கமாக 20 ஆண்டு. ஆண்டுக்கு 40இல் ஒரு வாய்ப்பு என்றால், பாண்டு முடிவதற்குள் ஒருமுறையாவது அத்தகைய மழையைப் பார்க்க நூற்றுக்கு 40 வாய்ப்பு. 20இல் ஒன்று என்றால் அது 64 ஆகிறது. பாலிசி அதே, வீடும் அதே, ஆனால் காப்பீட்டாளர் சுமப்பது வேறு பாரம். கடந்த காலத்துக் கணக்கை வைத்து வருங்காலத்துக்கு விலை போடுவது எவ்வளவு ஆபத்து என்று இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

கலவரத்தின் கதை வேறு. 1976 சொவேட்டோ எழுச்சிக்குப் பிறகு தனியார் காப்பீட்டு நிறுவனங்கள் அரசியல் கலவரச் சேதத்தை ஏற்க மறுத்தன. கலவரம் ஒரு கடையோடு நிற்காது, அதற்கு விலை போட முடியாது என்பது அவர்கள் வாதம். அந்தப் பள்ளத்தை நிரப்ப 1979இல் சாஸ்ரியா தொடங்கப்பட்டது. இன்று அது அரசின் நிறுவனம். அதற்கான கட்டணம் உங்கள் வீட்டு, கடை பாலிசியில் சிறு தொகையாகத் தனியே சேர்ந்திருக்கும். பல ஆண்டுகள் அந்தத் தொகையை யாரும் கவனிக்கவில்லை. 2021 ஜூலையில் குவாசூலு-நட்டாலிலும் காவ்டெங்கிலும் கடைத்தெருக்களும் கிடங்குகளும் எரிந்து 350 பேருக்கு மேல் இறந்தபோது, சாஸ்ரியாவுக்கு வந்த கிளெய்ம்கள் சுமார் 3,200 கோடி ராண்டைத் தொட்டன. அதன் கையிருப்பு போதவில்லை. அரசு 2,200 கோடி ராண்ட் அளவுக்குப் பணம் போட்டுத்தான் அதை நிற்க வைத்தது. அதாவது, கலவரத்தின் செலவைக் கடைசியில் வரி கட்டியவர்கள் எல்லோரும் சுமந்தார்கள். பாலிசியில் சாஸ்ரியா சேராத சிறு கடைக்காரர்களுக்கோ அதிலிருந்து ஒன்றும் கிடைக்கவில்லை.

இப்படிப்பட்ட ஆண்டுகளுக்குக் காப்பீட்டாளர் எவ்வளவு பணம் ஒதுக்கி வைத்திருக்க வேண்டும்? 2017ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டம் 2018 ஜூலையில் நடைமுறைக்கு வந்ததிலிருந்து, 200 ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய அளவு மோசமான ஆண்டையும் தாங்கும் மூலதனம் வேண்டும் என்பது விதி. ரிசர்வ் வங்கிக்குள் இருக்கும் புருடென்ஷியல் அத்தாரிட்டி இதைக் கண்காணிக்கிறது. "200 ஆண்டுக்கு ஒருமுறை" என்றதும் நம் காலத்தில் வராது என்று நினைக்கத் தோன்றும். 40 ஆண்டு வேலை பார்க்கும் ஒருவர், தன் நிறுவனத்துக்கு அப்படி ஓர் ஆண்டு வருவதைப் பார்க்க நூற்றுக்கு 18 வாய்ப்பு உண்டு.

மூலதனத்துக்கு மேல் மறுகாப்பீடு இருக்கிறது. காப்பீட்டு நிறுவனங்கள் தங்கள் பெரிய இழப்புகளை இன்னொரு நிறுவனத்திடம் காப்பீடு செய்துகொள்வது. 1861இல் சுவிட்சர்லாந்தின் கிளாரஸ் என்ற ஊர் பெருந்தீயில் எரிந்தபோது உள்ளூர்க் காப்பீட்டாளர்கள் திணறினார்கள். இரண்டு ஆண்டில் சூரிச்சில் ஸ்விஸ் ரீ என்ற மறுகாப்பீட்டு நிறுவனம் பிறந்தது. டர்பனில் வெள்ளமும் ஜப்பானில் நிலநடுக்கமும் ஒரே நாளில் வராது என்பதுதான் அதன் அடிப்படை. சேர்ந்து வரும் இழப்பை உலகம் முழுவதும் பரப்பி, மறுபடி தனித்தனி இழப்பாக ஆக்கிவிடுகிறார்கள்.

கொரோனாவில் அந்த வழியும் அடைபட்டது, ஏனென்றால் ஊரடங்கு உலகம் முழுக்க ஒரே நேரத்தில் வந்தது. கேப் டவுனின் கஃபே கமீலியன் என்ற உணவகத்தின் பாலிசியில், சுற்றுவட்டாரத்தில் தொற்றுநோய் வந்து வியாபாரம் நின்றால் நஷ்டஈடு உண்டு என்று ஒரு பிரிவு இருந்தது. நஷ்டத்துக்குக் காரணம் அந்த வட்டாரத்து நோய் அல்ல, நாடு முழுவதற்குமான அரசு உத்தரவு என்று காப்பீட்டாளரான கார்ட்ரிஸ்க் வாதாடியது. அந்த உத்தரவே நோயால் வந்ததுதானே என்று 2020 டிசம்பரில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் உணவகத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. எது எதற்குக் காரணம் என்ற ஒரே கேள்விக்குப் பின்னால் எத்தனை கோடி நிற்கும் என்று காட்ட இந்த வழக்கு நல்ல பாடம்.

மனிதர்கள் கணக்குப்படி நடப்பதில்லை

பகடைக்குத் தான் எப்படி விழப்போகிறது என்று தெரியாது. மனிதர்களுக்குத் தங்களைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். காப்பீட்டாளருக்குத் தெரியாததும் தெரியும். நம் சமூகத்தில் சர்க்கரை நோய் அதிகம். நாற்பது வயதில் மருத்துவர் எச்சரித்த பிறகுதான் பலர் மெடிக்கல் எய்ட் என்ற மருத்துவச் செலவுத் திட்டத்தின் பக்கம் திரும்புகிறார்கள். நோய் வந்தவர்கள் மட்டும் சேர்ந்தால் கட்டணம் ஏறும், ஏறினால் ஆரோக்கியமானவர்கள் விலகுவார்கள், விலகினால் இன்னும் ஏறும். பாதகத் தேர்வு என்று இதைப் படிக்கிறோம். வாங்குபவருக்கும் விற்பவருக்கும் தெரிந்தது சமமாக இல்லாத சந்தை எப்படிச் சிதையும் என்று 1970இல் காட்டிய ஜார்ஜ் அக்கர்லோஃபுக்கு 2001இல் மேலும் இருவரோடு நோபல் பரிசு கிடைத்தது.

தென்னாப்பிரிக்கச் சட்டம் இதைக் கையாளும் விதம் கவனிக்கத்தக்கது. 1998ஆம் ஆண்டின் மருத்துவத் திட்டச் சட்டப்படி, நோயாளி என்பதற்காக ஒருவரிடம் கூடுதல் கட்டணம் வாங்க முடியாது. யாரும் சேரக்கூடிய பொதுத் திட்டங்கள் விண்ணப்பிப்பவரைத் திருப்பி அனுப்பவும் முடியாது. அதற்கு ஈடாக 3 மாதப் பொதுக் காத்திருப்பும், ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு 12 மாதம் வரை காத்திருப்பும் வைக்கலாம். பல ஆண்டுகள் எந்தத் திட்டத்திலும் இல்லாமல் 35 வயதுக்கு மேல் முதன்முறை சேர்பவர்கள் கூடுதல் தொகை கட்ட நேரிடும். சாவுச் செலவுக்கான ஃபியூனரல் பாலிசியிலும் இதே தர்க்கம்தான். இயற்கைச் சாவுக்கு அதிகபட்சம் 6 மாதக் காத்திருப்பு வைக்கலாம், விபத்துச் சாவுக்கு வைக்கக் கூடாது. விபத்து வரப்போகிறது என்று முன்பே தெரிந்து யாரும் பாலிசி எடுப்பதில்லையே.

இன்னொரு பக்கம், பாலிசி எடுத்த பிறகு மனிதரின் கவனம் மாறலாம். அதற்காகத்தான் கார் கிளெய்மில் முதல் சில ஆயிரம் ராண்டை நாமே கட்டும் எக்ஸெஸ் இருக்கிறது. சிறு குழந்தைகளின் பெயரில் எடுக்கும் பாலிசித் தொகைக்குச் சட்டமே உச்சவரம்பு வைத்திருப்பதற்கும் இதே காரணம், மிகக் கசப்பான வடிவத்தில். குழந்தையின் சாவில் யாரும் லாபம் பார்க்கும் நிலை வரக் கூடாது.

ஒரு பாலிசியை அருகில் வைத்துப் பார்த்தால்

சட்டப் பாடம் சலிப்பாக இருக்கும் என்று பிள்ளைகள் பயப்படுகிறார்கள். எனக்கு இந்தப் படிப்பில் மிகப் பிடித்த பகுதி அதுதான், ஏனென்றால் நம் குடும்பங்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான்.

வீடு ஒன்றைத் திரும்பக் கட்ட 15 லட்சம் ராண்ட் ஆகும். உரிமையாளர் பிரீமியத்தைக் குறைக்க 10 லட்சத்துக்கு மட்டும் காப்பீடு செய்கிறார், அல்லது பத்து ஆண்டுக்கு முன் போட்ட தொகையை மாற்றவே இல்லை. புயலில் கூரை போய் 3 லட்சம் சேதம். 10 லட்சம் வரை கிடைக்குமே, 3 லட்சம் முழுதாக வரும் என்று நினைக்கிறார். வருவது 2 லட்சம், அதிலும் எக்ஸெஸ் கழியும். மூன்றில் இரண்டு பங்குக்குத்தான் பிரீமியம் கட்டினார், எனவே எந்தச் சேதத்திலும் மூன்றில் இரண்டு பங்குதான். ஆவரேஜ் என்று இந்த விதி பாலிசியில் ஒரே பத்தியில் இருக்கும். வீட்டை விற்றால் கிடைக்கும் விலையையும் திரும்பக் கட்ட ஆகும் செலவையும் குழப்பிக்கொள்வதுதான் வழக்கமான தவறு. நிலத்தின் விலை காப்பீட்டுத் தொகையில் சேராது. சிமெண்டும் கூலியும் சேரும், இடிபாடு அகற்றும் செலவும் சேரும்.

2022 வெள்ளத்தில் இன்னொன்று தெரிந்தது. சாட்ஸ்வொர்த் போன்ற மேட்டுப் பகுதிகளில் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததைவிட வீட்டுக்குக் கீழே இருந்த மண் நகர்ந்ததுதான் பல இடங்களில் பிரச்சினை. இந்த ஊரில் பல இடங்களில் பெரியா ரெட் என்ற சிவப்பு மணல் இருக்கிறது. காய்ந்திருக்கும்வரை உறுதியாக நிற்கும், நீர் ஊறினால் சரியும். புயலுக்கும் வெள்ளத்துக்கும் தரும் காப்பீடு நிலச்சரிவுக்கும் தானாக வந்துவிடாது. பல பாலிசிகளில் அதைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். மண்ணைத் தாங்கும் மதில் முறையான வடிவமைப்போடு கட்டப்பட்டதா என்று, சேதத்தை மதிப்பிட வரும் அசெஸர் கேட்பார். அசெஸர் வந்து சுவரில் தண்ணீர்க் கறை எவ்வளவு உயரம் என்று மட்டும் பார்ப்பதில்லை. வெடிப்பு புதியதா, அதற்குள் பழைய பெயிண்ட் இறங்கியிருக்கிறதா என்றும் பார்ப்பார். பெயிண்ட் உள்ளே இருந்தால் வெடிப்பு வெள்ளத்துக்கு முன்பே இருந்தது. அந்த ஒரு பார்வையில் கிளெய்மின் முடிவு மாறலாம். இதைக் கற்றுக்கொண்ட பிள்ளை ஒன்று தெருவில் இருந்தால் அந்தத் தெருவுக்கே நல்லது.

விண்ணப்பத்தில் உண்மை சொல்லும் கடமையும் முக்கியமான பாடம். இதை மீஉயர் நல்லெண்ணம் என்று ஆங்கிலச் சட்டப் பாடங்கள் பெரிய சொற்களில் சொல்லும். அவுட்ஸ்ஹூர்ன் நகராட்சி வழக்கில் தென்னாப்பிரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், நல்லெண்ணத்தில் அப்படி மேலான வகை ஒன்று இல்லை என்று அந்தச் சொல்லையே ஒதுக்கிவிட்டது. இங்கே அடிப்படை ரோமன்-டச்சு சட்டம். இந்தத் தகவல் காப்பீட்டாளருக்கு முக்கியம் என்று நியாயமான ஒரு மனிதர் நினைத்திருப்பாரா என்பதே அளவுகோல். எனவே லண்டன் பாடப்புத்தகத்தை மட்டும் படித்துவிட்டு இங்கே தேர்வு எழுத முடியாது.

காப்பீட்டுக்கு முன்னால் வருவது

படிப்பின் பெயரில் காப்பீடு முதலில் இருந்தாலும், வரிசைப்படி பார்த்தால் இடர் மேலாண்மைதான் முதலில். ஆபத்தைத் தவிர்க்க முடியுமா, இல்லையென்றால் குறைக்க முடியுமா, மிஞ்சுவதில் எவ்வளவு நாமே தாங்கலாம், எவ்வளவு மற்றவரிடம் மாற்றிவிடலாம். காப்பீடு அந்தக் கடைசிக் கேள்விக்கு ஒரு பதில் மட்டுமே.

1917 அக்டோபரில் உம்கேனி கரைபுரண்டு ஸ்பிரிங்ஃபீல்டு தாழ்நிலத்தை மூழ்கடித்தபோது, மாரிமுத்து படவட்டனும் அவரோடு ஐந்து பேரும் படகில் போய் 176 பேரைக் காப்பாற்றினார்கள். படவட்டன் அறுவர் என்று டர்பன் தமிழர்கள் இன்றும் நன்றியோடு நினைக்கிறார்கள். அதே ஆற்றோரம் டின் டவுனில் இருந்த குடும்பங்கள் 1976இல் மறுபடி வெள்ளத்தில் வீடிழந்தன. ஃபீனிக்ஸில் முதலில் குடியேற்றப்பட்டவர்களில் அவர்களும் உண்டு. 1987 செப்டம்பரில் இன்னொரு பெருவெள்ளம். இத்தனைக்கும் அந்தத் தாழ்நிலத்தில் குடியிருந்தவர்கள் விரும்பிப் போனவர்கள் இல்லை. ஒப்பந்தக் கூலி முடிந்து காய்கறி பயிரிட அங்கேதான் நிலம் கிடைத்தது. பிறகு 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிச் சட்டம் எங்கே வாழலாம், எங்கே கூடாது என்று கோடு போட்டது. இடருக்கு மூன்று பக்கம் உண்டு என்று பாடத்தில் வரும். மழை ஒன்று. மழையின் பாதையில் யார் இருக்கிறார்கள் என்பது இரண்டு. அவர்கள் எவ்வளவு தாங்குவார்கள் என்பது மூன்று. நம் முன்னோருக்கு இரண்டாவதைச் சட்டம் தீர்மானித்தது. மூன்றாவதை வறுமை தீர்மானித்தது. மழையை மட்டும் குற்றம் சொல்லும் இடர் மேலாண்மை அரைகுறையானது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எங்கே, எப்படிப் படிப்பது

முடிவு பல்கலைக்கழகத்தில் அல்ல, பத்தாம் வகுப்பில் எடுக்கப்படுகிறது. அங்கே முழுக் கணிதமான மேத்தமேட்டிக்ஸ் அல்லது அன்றாடக் கணக்கான மேத்தமேட்டிக்கல் லிட்டரசி என்று தேர்வு செய்யும்போது, மதிப்பெண் எளிதாக வரும் என்று இரண்டாவதை எடுத்துவிட்டால், இடரைக் கணிதத்தால் அளக்கும் ஆக்சுவரியல் சயின்ஸின் கதவு மூடிவிடும், பெரும்பாலான பி.காம் நிதிப் படிப்புகளின் கதவும் மூடிவிடும். பெற்றோர்கள் தயவுசெய்து அந்த நேரத்தில் பிள்ளையோடு உட்கார்ந்து பேசுங்கள். முடியும் என்ற பிள்ளையைப் பயமுறுத்தாதீர்கள்.

கணக்கே மூச்சாக இருப்பவர்களுக்கு ஆக்சுவரியல் சயின்ஸ். கேப் டவுன், விட்ஸ், ஸ்டெல்லன்போஷ், பிரிட்டோரியா பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. பட்டத்தோடு முடியாது, ஆக்சுவரியல் சொசைட்டியின் தேர்வுகளும் பல ஆண்டு தொடரும். கணக்கு ஓரளவு, சட்டமும் வணிகமும் அதிகம் என்றால் பி.காம் வழியில் இடர் மேலாண்மை. வேலை செய்துகொண்டே படிக்க விரும்புவோருக்குத் தொலைநிலைப் பல்கலைக்கழகமான யூனிசா இருக்கிறது, நிதி, இடர் மேலாண்மை, வங்கியியலுக்குத் தனித்துறையோடு. குவாசூலு-நட்டாலின் பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவான விண்ணப்பம் சி.ஏ.ஓ. என்ற மைய விண்ணப்ப அலுவலகம் வழியாகப் போகும்.

பட்டம் முடித்த பிறகு ஒரு பாலிசியை ஏற்பதா, என்ன விலைக்கு என்று தீர்மானிக்கும் அண்டர்ரைட்டர் ஆகலாம். கிளெய்ம் பார்க்கலாம், மறுகாப்பீட்டுக்குப் போகலாம், நிறுவனங்களுக்குள் இடர் மேலாளராகலாம். நிறுவன நிர்வாகம் பற்றிய 2016ஆம் ஆண்டின் கிங் 4 அறிக்கைக்குப் பிறகு பெரிய நிறுவனங்களின் இயக்குநர் குழுக்கள் இடரைத் தங்கள் பொறுப்பாகவே பார்க்கின்றன. டர்பன் துறைமுக நகரம் என்பதால் கடல் சரக்குக் காப்பீடு தெரிந்தவர்களுக்கு இங்கேயே வேலை உண்டு. மக்களுக்கு ஆலோசனை சொல்லிப் பாலிசி தரும் புரோக்கர் ஆக வேண்டுமென்றால் பட்டத்தோடு ஆர்.இ.5 என்ற ஒழுங்குமுறைத் தேர்வும் எழுத வேண்டும்: 50 கேள்விகள், தேர்ச்சிக்கு 65 சதவீதம்.

இறுதியாண்டு ஆய்வுக்கு என்ன எடுக்கலாம் என்று என்னைக் கேட்கிற பிள்ளைகளுக்கு நான் ஒன்றைத்தான் சொல்கிறேன். கலவரத்துக்கு சாஸ்ரியா இருப்பதுபோல் வெள்ளத்துக்கு இந்த நாட்டில் ஒன்றும் இல்லை. பிரான்சில் 1982 முதல் இயற்கைப் பேரிடருக்கு அப்படி ஓர் ஏற்பாடு இருக்கிறது. ஒவ்வொரு சொத்துப் பாலிசியிலும் ஒரே சதவீதக் கூடுதல் தொகை வசூலாகிறது, பின்னால் அரசின் உத்தரவாதம் நிற்கிறது. 12 சதவீதமாக இருந்த அந்தத் தொகை 2025 ஜனவரியிலிருந்து 20 சதவீதம் ஆகியிருக்கிறது. பாரிஸில் மேட்டில் இருப்பவரும், புயல் அடிக்கும் ரீயூனியன் தீவின் தமிழர் குடும்பமும் ஒரே விகிதத்தில் கட்டுகிறார்கள். ஆற்றங்கரை வீட்டுக்கு இடருக்கேற்ற விலை கேட்டால் அவர்களால் காப்பீடே வாங்க முடியாது என்பது அதற்கு ஆதரவான வாதம். ஆபத்தான இடத்தில் தொடர்ந்து கட்டுவதற்கு அது ஊக்கம் தரும் என்பது எதிர்வாதம். பெரும்பாலான வீடுகளுக்குக் காப்பீடே இல்லாத நாட்டில் பாலிசி வழியாக வசூலிப்பது யாரை எட்டும் என்பது அதைவிடக் கடினமான கேள்வி. இந்த மூன்றையும் டர்பன் கணக்குகளோடு எழுதிப் பார்க்க ஒரு பிள்ளை முன்வந்தால், எந்தத் தரவு எங்கே கிடைக்கும் என்று உட்கார்ந்து காட்ட நான் தயார்.